கட்டியைக் காட்டிக்கொடுக்கும் கோல்

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். ஒன்றில் கட்டி வந்தால் ஹார்மோன் மிகுந்து, எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகத்தில் கல் சேரும். கொழுப்புக்கு நடுவே அந்தக் கட்டியைக் கண்ணால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

கைகொடுப்பது காமா புரோப் என்ற கையடக்க உலோகக் கோல். அறுவைக்கு ஓரிரு மணி நேரம் முன்னால் கதிரியக்க டெக்னீசியம்-99எம் சேர்ந்த செஸ்டமிபி மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். மைட்டோகாண்ட்ரியா மிகுந்த கட்டியின் செல்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோலின் முனை கட்டியை நெருங்க நெருங்க ஒலி வலுக்கும், திரையில் எண் ஏறும்.

அதைவிட அழகு அடுத்த கட்டம். வெட்டியெடுத்த துண்டைக் கழுத்திலிருந்து விலக்கி, கோலின் முனையில் வைத்து அதன் கதிரியக்கத்தை அளக்கிறார்கள். அறுத்த இடத்தின் பின்னணி அளவில் 20 சதவீதத்தைத் தாண்டினால், அது பாராதைராய்டு கட்டிதான் என்று துணியலாம். எல்லாக் கட்டியும் மருந்தைப் பிடிப்பதில்லை; தைராய்டு முடிச்சும் சில நேரம் ஏமாற்றும். அதனால் அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் கட்டி ஒளிர்ந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான்; ஒரே நாளில் அதன் கதிரியக்கம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.