பதில் சொல்லும் முறை யாருக்கு?

2007-ல் வந்த ‘சிவாஜி’ படத்தில் சாலமன் பாப்பையா தன் இரண்டு மகள்களை ரஜினிக்கு அறிமுகம் செய்வார். முகத்தில் கருப்பு மையை அப்பி நிறுத்தப்பட்ட அந்தப் பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர். அவை சங்ககால வள்ளல் பாரியின் மகள்களுடைய பெயர்கள். திருவண்ணாமலையிலிருந்து தெற்கே போனால் திருக்கோவிலூர். அங்கே தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. நண்பன் பாரியின் பிள்ளைகளைக் கரைசேர்த்த பிறகு புலவர் கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊர் சொல்கிறது. அந்தப் பெயர்களைத்தான் கேலிக்கு எடுத்தார்கள்.

பக்கத்து ஊர்க் கதை என்பதால் மட்டும் வரும் கோபமில்லை இது. நிகழ்த்துகலை என்று பார்த்தாலும் அந்தக் காட்சி மட்டமானது. நிறத்தைக் காட்ட வேண்டும், நாயகன் மிரண்டு ஓட வேண்டும், நாம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். திருப்பி அடிக்க அந்தப் பெண்களுக்கு ஒரு வசனம் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே பந்து வீசும் ஆட்டம் அது.

செய்யாறு பக்கத்துப் புரிசையிலோ, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாவிலோ கூத்து பார்த்தவர்களுக்கு வேறு ஆட்டம் தெரியும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறான். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை என்று முழு வேஷம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனிடம் இருப்பது ஒரு குல்லாவும் வாயும்தான். நீ யார், எந்த ஊர், எதற்கு இந்தக் கத்தல் என்று ராஜாவையே நிறுத்திக் கேட்கிறான். ராஜா சீறுகிறான். கட்டியக்காரன் பயந்ததுபோல் பின்வாங்கி, அடுத்த நொடியே உள்ளூர் ரேஷன் கடையை இழுத்துவிட்டு அவனை மடக்குகிறான். மிருதங்கம் அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டி நிற்கும். இரண்டு பேருக்கும் முறை உண்டு. கூட்டம் சிரிப்பது அதிகாரத்தைப் பார்த்து.

இரண்டு பக்கத்துக்கும் முறை உள்ள இந்த இடத்துக்குப் பிரிட்டனின் நகைச்சுவை மேடை வர வெகுகாலம் பிடித்தது. வெள்ளைப் பாடகர்கள் முகத்தில் கருப்பு பூசி ஆடிய ‘பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ’வை பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. அந்தக் காலத்திலேயே மேலே வந்தவர் சார்லி வில்லியம்ஸ். அப்பா பார்படாஸ்காரர். சார்லி யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், டான்காஸ்டர் ரோவர்ஸ் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர். பிறகு நகைச்சுவைக்கு வந்தார். கூச்சல் போடும் ரசிகரைப் பார்த்து, பேசாமல் இருக்காவிட்டால் உன் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிடுவேன் என்பார். அரங்கம் அதிரும். மைக் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் கருப்பர் பக்கத்து வீட்டுக்கு வருவதே மிரட்டல் என்ற நினைப்பு கூட்டத்துடையது. அதை அவர் உடைக்கவில்லை, அதன்மீது ஏறி நின்று ஆடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தடுப்பாட்டக்காரர் தன் கோல் எல்லையைக் காத்த ஆட்டம் அது.

இன்னொரு பிரிட்டன் நகைச்சுவைக் கலைஞரான ரொமேஷ் ரங்கநாதன் வேறு மாதிரி. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978-ல் கிராலியில் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்தவர். சோர்ந்த முகம், அவசரமே இல்லாத குரல். சிரிப்பு வரட்டும் என்று அவர் கெஞ்சுவதில்லை. என்னை யாராக நினைத்தாய் என்ற சங்கடத்தைக் கூட்டத்தின் மடியிலேயே போட்டுவிட்டுக் காத்திருப்பார். 2015-ல் வந்த ‘ஏஷியன் புரவகேட்டர்’ தொடரில் வேர்களைத் தெரிந்துகொள் என்று அம்மா சாந்தி அவரை இலங்கைக்கு அனுப்புகிறார். புலம்பெயர்ந்த அம்மாவின் பேச்சையும் கண்டிப்பையும் மேடையில் போலிசெய்து கைத்தட்டு வாங்குவது எளிது. இங்கே அந்த அம்மாவே வந்து நின்று மகனை வாருகிறார். பல இடங்களில் மகனைவிட நன்றாகவே வாருகிறார்! ரங்கநாதனின் பெரிய திறமையாக நான் மதிப்பது இதைத்தான்: எதிராளிக்கு முறை விட்டுக்கொடுத்து, அடிவாங்கவும் நிற்பது.

இதைச் சொல்லிவிட்டு நம் கூத்தை முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. ராஜாவை மடக்கும் அதே கட்டியக்காரன், இரவு ஏற ஏற, பெண் வேஷத்தின் உடம்பைப் பற்றியும் கேலி பேசுவதுண்டு. அப்போது அந்த வேஷக்காரர் தலைகுனிந்து நிற்பார், பதில் வசனம் இருக்காது. அந்த நேரத்தில் கூத்தும் ‘சிவாஜி’ செய்ததையே செய்கிறது. திரௌபதிக்கும் ஒரு பதில் எழுதிக் கொடுங்கள், கூத்து வாத்தியார்களே. துரியோதனனை எதிர்த்துச் சபையில் வாதாடியவள் அவள். கட்டியக்காரனைச் சமாளிக்க அவளுக்குத் தெரியாதா?