வினைமுற்றும் அபத்தமும்: காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைச் சார்த்தர் வாசித்த முறை

ழான் பால் சார்த்தரையும் ஆல்பெர் காம்யுவையும் இருத்தலியம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசுவது திறனாய்வில் பழகிப்போன வழக்கம். காம்யு இதை ஏற்கவில்லை. தாம் இருத்தலியவாதி அல்லர் என்று 1945ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் வெளிப்படையாகவே மறுத்தார். இம்மறுப்பைத் தனிப்பட்ட பிணக்காகக் கொள்வதற்கில்லை. இருவரும் முரண்பட்டுப் பிரிந்தது 1952இல்தான். வேறுபாட்டின் வேர், இருவரும் நேரில் அறிமுகமாவதற்கு முன்பே ஒருவர் நூலை மற்றவர் மதிப்பிட்ட கட்டுரைகளில் உள்ளது.

சார்த்தரின் ‘குமட்டல்’ 1938இல் வெளிவந்தது. அதன் நாயகன் ரொக்காந்தன் பொதுப்பூங்காவில் ஒரு மரத்தின் வேரைக் காண்கிறான். பெயரும் பயனும் கழன்று, பொருள் வெறுமனே இருக்கிறது என்பது அவனுக்குப் புலனாகிறது. அல்ஜியர்ஸ் நாளிதழ் ஒன்றில் அவ்வாண்டே இந்நாவலை மதிப்பிட்ட காம்யு, அதன் ஆற்றலைப் பாராட்டினார். ஆயினும் வாழ்வு அபத்தமானது எனக் கண்டறிவது தொடக்கமாகலாமேயன்றி முடிவாகாது என்பது அவர் எழுப்பிய தடை.

1942இல் ‘அந்நியன்’ நாவலும் ‘சிசிபஸ் தொன்மம்’ என்னும் கட்டுரை நூலும் வெளிவந்தன. மறு ஆண்டு சார்த்தர் எழுதிய விளக்கவுரை, கட்டுரை நூலைத் திறவுகோலாகக் கொண்டு நாவலைத் திறந்தது. அதன் சிறந்த பகுதி இலக்கணம் பற்றியது. பிரெஞ்சுக் கதைமொழிக்கு மரபாக உரிய எளிய இறந்தகாலத்தை விடுத்து, பேச்சுவழக்கிற்குரிய கூட்டு இறந்தகாலத்தைக் காம்யு கையாண்டார். அதனால் வாக்கியங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறவாமல் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன என்று சார்த்தர் காட்டினார். நடையிலிருந்து மெய்யியலுக்குச் சென்ற இவ்வாசிப்பு இன்றும் வலுவிழக்கவில்லை.

எனினும் அது நாவலின் முதற்பகுதிக்கே மிகவும் பொருந்துகிறது. இரண்டாம் பகுதியில் நிகழ்வது வேறு. தாயின் இறுதிச்சடங்கில் அழாமை, மறுநாள் கடற்குளியல், நகைச்சுவைத் திரைப்படம், கடற்கரைக் கொலை எனத் தொடர்பின்றிக் கிடந்தவற்றை அரசு வழக்கறிஞர் காரணகாரியக் கயிற்றில் கோக்கிறார். மெர்சோ தன் கதையையே பிறர் வாயில் ஒழுங்கான கதையாகக் கேட்கிறான். சிதறிய வாக்கியம் மட்டும் அபத்தமன்று. அதனைத் தொடுத்தே தீரவேண்டும் என்னும் நீதிமன்றத்தின் பிடிவாதமும் அதனோடு மோதும்போதே அபத்தம் பிறக்கிறது. அபத்தம் மனிதனிடத்தோ உலகினிடத்தோ தனித்து இல்லை, இரண்டும் எதிர்ப்படும் உறவிலேயே உள்ளது என்ற காம்யுவின் வரையறையோடு இது ஒத்துவருகிறது. சார்த்தர் அவ்வரையறையை அறிந்திருந்தும் வழக்கு விசாரணையைவிட வாக்கியத்திற்கே முதன்மை தந்தார்.

அந்தக் கயிற்றில் கோக்கப்படாத ஒன்றும் உண்டு. கொலையுண்டவன் அராபியன் என்பதற்குமேல் நாவலில் பெயர்கூடப் பெறவில்லை. விசாரணை அவன் சாவைவிடத் தாயின் சாவையே ஆராய்கிறது. குடியேற்ற அல்ஜீரியாவின் இம்மௌனத்தை எட்வர்ட் செய்த் 1993இல் சுட்டிக்காட்டினார். அல்ஜீரிய எழுத்தாளர் காமெல் தாவூத் 2013இல் எழுதிய நாவல், இறந்தவனுக்கு மூசா எனப் பெயரிட்டு அவன் தம்பியைப் பேசவைத்தது. மானுடம் முழுமைக்கும் உரியதெனப் போற்றப்பட்ட அபத்தம், ஒரு பெயரை மறைத்தே அப்பொதுமையை எய்தியது என்பதைத் திறனாய்வு ஒதுக்கிவிட இயலாது.

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்த தமிழாக்கம் 1980இல் க்ரியா வெளியீடாக வந்தது. சார்த்தரின் இலக்கண வாதம் தமிழுக்கு அப்படியே பெயராது. ‘வந்தான்’ என்னும் இறந்தகால வினைமுற்று கதைக்கும் உரியது, பேச்சுக்கும் உரியது; ஆதலால் காலத்தேர்வால் வாசகரைத் திடுக்கிடச் செய்ய வழியில்லை. தமிழில் செயல்களைத் தொடுப்பது வினையெச்சம். ‘எழுந்து, குளித்து, காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டான்’ என்பதில் நான்கு செயல்கள் ஒரே முடிபை நோக்கி ஓடுகின்றன. ‘எழுந்தான். குளித்தான். காப்பி குடித்தான். புறப்பட்டான்’ என்று முறித்தால், பிரெஞ்சில் துணைவினை ஏற்படுத்திய இடைவெளியைத் தமிழில் முற்றுப்புள்ளி ஏற்படுத்துகிறது. தமிழாக்கத்தை மதிப்பிடுவோர் சொற்பொருள் ஒப்புமையோடு நில்லாமல், எச்சம் எங்கே முறிக்கப்பட்டது, எங்கே முறிக்கப்படாமல் விடப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். குறிப்பாக அரசு வழக்கறிஞர் பேசும் பக்கங்களில்.