பேரன் சோம்பேறி இல்லை

மிலான் நகரத்து அந்தக் குடும்பத்தின் பேரனைப் பற்றி உதைபந்தாட்ட ரசிகர்களிடம் ஒரே தீர்ப்புதான் இருக்கிறது: ஆள் அழகாக ஆடுவார், ஆனால் சோம்பேறி, அப்பாவின் கால் தூசுக்கு வரமாட்டார். பெயர் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவு தாண்டி மெட்ச் பார்க்கிறவர்களுக்கு ஆளைத் தெரியும். தாத்தா 1963இல் லண்டன் வெம்ப்ளியில் மிலான் கழகத்தின் அணித்தலைவராக ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினார். மகன் நாற்பது ஆண்டு கழித்து, 2003இல், அதே இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அதே கழகத்தின் அணித்தலைவராக அதே கிண்ணத்தைத் தூக்கினார். பேரன் 2022இல் அந்தக் கழகத்தோடு லீக் சம்பியன் ஆனார். தாத்தாவும் மகனும் பின்கள வீரர்கள்; பேரன் முன்களத்தில் ஆடுகிறார். இதை வைத்துக்கொண்டு ஒரு சாரார் எல்லாமே இரத்தம் என்கிறார்கள். இன்னொரு சாரார் அந்த இரத்தம் மூன்றாம் தலைமுறையில் நீர்த்துப்போனது என்கிறார்கள். இரண்டு கூட்டமும் தவறான இடத்தைப் பார்க்கின்றன என்பது என் கட்சி.

பார்க்க வேண்டியது ஒரே ஒரு முடிவை: எப்போது அசையாமல் நிற்பது என்ற முடிவை. தகப்பன் பதினாறு வயதில் தொடங்கி நாற்பது வயது வரை இருபத்தைந்து பருவங்களில் 902 போட்டிகள் ஆடினார். பின்களத்தில் அத்தனை காலமும் அவர் தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருந்தார். உடம்பைச் சற்றுச் சரித்து, எதிராளிக்கு ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு நிற்பார். எதிராளிதான் பொறுமை இழந்து முதலில் அசைவார். அப்போது பந்து சும்மா கிடைக்கும். இப்போது பேரனைப் பாருங்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே பந்தை வாங்குகிறார், பாதி திரும்புகிறார், பிறகு நிற்கிறார். ரசிகர்களுக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். ஆனால் அந்த நேரத்தில் பந்தைப் பார்க்காமல் எதிரே நிற்கும் பின்கள வீரரின் காலைப் பாருங்கள். அவர் நீட்டவா வேண்டாமா என்று தவிக்கிறார். நீட்டினால் பேரன் அந்தக் காலைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிடுகிறார். தகப்பன் தடுப்பதற்காகச் செய்ததைப் பேரன் தாண்டுவதற்காகச் செய்கிறார். இடம் மாறியிருக்கிறது, முடிவு அதேதான். பின்கள வீரர் எந்தக் கணத்தில் பொறுமை இழப்பார் என்பது பின்கள வீரரின் வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இதையே இரத்தம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அப்படியானால் மூத்த பேரனுக்கு என்ன பதில்? அதே தகப்பன், அதே வீடு, அதே கழகத்தின் இளையோர் அணி. அவர் ஆடியதோ கீழ்ப்பிரிவு லீக்குகளில். இரத்தம் ஆளுக்கு ஆள் இப்படி ஓரவஞ்சனை செய்யாது. தாத்தாவின் கதை இன்னும் சுவையானது. பந்தோடு அழகாக விளையாடப் போய் அவர் செய்த பிழைகளுக்கு இத்தாலியப் பத்திரிகைகள் அவருடைய குடும்பப் பெயரிலேயே ஒரு பட்டம் கட்டியிருந்தன. பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளராக வந்து, 1998 உலகக் கிண்ணத்தில் தன் மகனையே தலைவராகக் கொண்டு அணியை நடத்தியவர் அவர். அவசரத்தின் விலை என்னவென்று அந்த வீட்டில் முதலில் அனுபவித்தது தாத்தா. மகனின் நிதானத்தை அதற்கு அடுத்த பாடமாகத்தான் நான் படிக்கிறேன். தேயிலை நிரையில் தாயின் பக்கத்தில் நின்று கொழுந்தெடுக்கப் பழகிய மகளின் கைவேகத்தை இரத்தம் என்று தோட்டத்தில் யாரும் சொல்வதில்லையே.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. பேரன் 2020இல் முதல் அணிக்கு வந்தபோது தகப்பன் அதே கழகத்தின் நிர்வாகத்தில் இருந்தார். ஆகவே இது சிபாரிசு. கதவைத் திறந்தது தகப்பன் பெயர்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கதவு திறந்த பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறிய நகரங்களின் கழகங்களுக்கு இரவலாக அனுப்பப்பட்டார், மாறி மாறி. தகப்பன் 2023இல் பதவியை இழந்தார். அதன் பிறகு, 2024 ஒக்டோபரில்தான், அதுவும் ஒரு சிறிய கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, பேரனுக்குத் தேசிய அணியில் முதல் வாய்ப்பு வந்தது. நடந்த இடம் உடினே. 1985 ஜனவரியில் தகப்பன் முதல் லீக் போட்டி ஆடிய அதே மைதானம். சிபாரிசு ஒருவனை வாசல் வரை கொண்டுவரும். நெருக்கடியில் பந்தோடு நிற்க வைக்காது.

மற்றக் குடும்பங்களையும் இதே கண்ணால் பார்க்கலாம். மெக்சிகோவின் தாத்தா 1954 உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தார். பேரன் 2010இல் அதே பிரான்சுக்கு எதிராக அடித்தார். கேட்பதற்கு இனிக்கும் தற்செயல், அவ்வளவுதான். என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்வது ஐஸ்லாந்து. 1996 ஏப்ரலில் தாலினில் நடந்த தேசிய அணிப் போட்டியில் அந்நாட்டுத் தகப்பன் ஒருவர் வெளியே வர, அவருடைய பதினேழு வயது மகன் அவருக்குப் பதிலாக உள்ளே போனார். 2021இல் பேரன்களில் ஒருவர் பந்தைக் கொடுக்க மற்றவர் தேசிய அணிக்காகக் கோல் அடித்தார். அந்த நாட்டின் சனத்தொகை நான்கு இலட்சத்தை எட்டவில்லை. நம் பதுளை மாவட்டம் 2012 கணக்கெடுப்பிலேயே எட்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த நாடு குளிருக்குள்ளும் ஆட முழு அளவு உள்ளரங்க மைதானங்களைக் கட்டியது. சிறுவர் அணிக்கும் உரிமம் பெற்ற பயிற்சியாளரை வைத்தது. 2016இல் ஐரோப்பியக் காலிறுதி, 2018இல் உலகக் கிண்ணம். அத்தனை பேரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளா என்ன?

நம் பதுளைப் பக்கம் வந்தால், ஹாலிஎலயைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய சொத்து வேலையும் லயன் காம்பராவும்தான். விளையாட்டு கைமாற ஒரு சனிக்கிழமை வேண்டும், அந்தச் சனிக்கிழமைக்குச் சம்பளம் வேண்டும். கொழும்பில் ஒரு தெரிவுப் போட்டிக்குப் பையனைக் கூட்டிப்போவதென்றால் பதுளைப் பாதையில் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ரயில். நாட்சம்பளத் தகப்பனுக்குக் குறைந்தது இரண்டு நாள் பேர் (சம்பளம்) போகும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே என்ன இருக்கிறது? நாட்டின் முதல் தொழில்முறை லீக் என்று 2021இல் பத்துக் கழகங்களோடு ஆரம்பித்தது நிலைக்கவில்லை. 2023 ஜனவரியில் பீஃபா விதித்த தடை ஓகஸ்ட் வரை நீண்டது. உதைபந்தாட்டத்தால் ஒரு வீட்டு அடுப்பு எரியாத நாட்டில் மூன்று தலைமுறை வீரர்களைத் தேடுவது வீண்.

ஆனாலும் மலையை வெட்டிச் சமன் செய்த தோட்ட மைதானத்தில் ஒரு பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் ஓங்கி உதைத்த பந்து தேயிலைக்குள் போனால் தேடி எடுப்பதற்குள் இருட்டிவிடும். அதனால் அந்தப் பக்கம் ஆடும் பையன் பந்தைக் காலோடு வைத்து நிற்கப் பழகுகிறான். அந்த முடிவை அவனுக்கு மைதானமே கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதைக் கெடுப்பது வரம்பில் நின்று "அடிடா, அடிடா" என்று கத்தும் நம் சனம்தான். மிலான் பேரனைச் சோம்பேறி என்பதும் இதே வாய்தான்.

இனி என் கணிப்பு. பேரன் எந்தப் பருவத்திலும் லீக்கில் அதிக கோல் அடித்தவராக வரப்போவதில்லை. அதை எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள். முப்பது வயதுக்குப் பிறகு இன்னும் சற்றுப் பின்னால் இறங்கி, மற்றவர் கோலடிக்கப் பந்து கொடுப்பவராக அவர் ஆடுவார். இன்று திட்டுகிறவர்கள் அன்று அனுபவம் என்று பாராட்டுவார்கள். இலங்கை அணிக்கு இன்னும் சில ஆண்டுகளுக்கு வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே பலம் சேர்ப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களும் ஒழுங்கான மைதானத்தை வாரிசாகப் பெற்றவர்கள்தான். பத்து ஆண்டுக்குள் ஊவா தோட்டமொன்றிலிருந்து ஒரு பையன் தேசியச் சீருடை போட்டால், அவனுடைய தகப்பன் பெரிய ஆட்டக்காரராக இருக்கமாட்டார். மாதச் சம்பளமும் சனிக்கிழமை லீவும் உள்ள ஒருவராக இருப்பார்.