உயர்வு தாழ்வு தேவைதானா?

சமூகவியல் பயிலப் புகுவோர் முதலில் அறிவன மூன்று நோக்குகள். சமுதாயத்தை உறுப்புகள் ஒத்தியங்கும் உடலாகக் காண்பது செயற்பாட்டு நோக்கு. நலன்கள் மோதும் களமாகக் காண்பது முரண்பாட்டு நோக்கு. மக்கள் ஒருவரோடொருவர் பழகிப் பொருள் கொள்ளும் முறையை ஆராய்வது குறியீட்டு இடைவினை நோக்கு.

முதல் நோக்கின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது, அமெரிக்க அறிஞர் கிங்ஸ்லி டேவிசும் வில்பர்ட் மூரும் 1945இல் எழுதிய கட்டுரை. சில பணிகள் சமுதாயத்திற்கு மிக இன்றியமையாதன, அவற்றிற்குரிய திறமையோ அரிது, பயிற்சியோ நெடியது. ஆகவே, மிகுந்த ஊதியமும் மதிப்பும் அளித்தாலன்றித் தக்கார் முன்வாரார் என்பது அவர்தம் வாதம்.

வாதம் நேர்த்தியானதே. ஆயினும், 1953இல் மெல்வின் டியூமின் எழுப்பிய வினாக்கள் அதன் அடித்தளத்தையே அசைத்தன. இன்றியமையாமையை அளக்கும் கோல் எது? பொறியாளர் மட்டும் இருந்தால் தொழிற்சாலை ஓடுமா? பயிற்சிச் செலவைத் தாங்குவோர் பெரும்பாலும் பெற்றோர் அல்லரோ? அவர் வறியராயின் பிள்ளையின் திறமை வெளிப்படுவது எங்ஙனம்?

தம் ஆய்வு பதவிகளைப் பற்றியதே, அவற்றில் ஆட்கள் அமரும் முறையைப் பற்றியதன்று என டேவிஸ் விடையிறுத்தார். இவ்விடை பொருந்தாது. தக்காரை ஈர்ப்பதற்கே உயர்ந்த ஊதியம் என்று கூறிய பின்னர், தக்கார் வரும் வழி திறந்துள்ளதா என்று பாராதிருத்தல் எவ்வாறு இயலும்? ஏழைப் பிள்ளைக்கு அவ்வழி அடைபட்டிருப்பின், அரிதெனப்படும் திறமை இயற்கையில் அரிதா, தேடாமையால் அரிதா என்பது விளங்காது.

ஒவ்வோர் அமைப்பிற்கும் பயன் உண்டு எனும் நோக்கு, அப்பயன் யாருக்கு என வினவும்போதே நிறைவு பெறும்.