'பொய்யர்' என்று சொல்லத் தடை

பிரிட்டிஷ் மக்களவையில் எதிர்வரிசைக்காரரின் கொள்கையை அபத்தம் எனலாம், நாட்டையே குட்டிச்சுவராக்கிவிட்டார் என்றும் முழங்கலாம். பொய் சொன்னார் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னதைத் திரும்பப் பெற மறுத்தால் வெளியேற வேண்டியதுதான்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் மரபில் நியாயம் இருக்கிறது. ஒருவர் சொன்ன தகவல் தவறு என்று காட்ட ஓர் ஆவணம் போதும். தெரிந்தே சொன்னார் என்று நிறுவ அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். விவாதத்தின் நடுவே, போகிறபோக்கில் அது ஆகிற காரியமில்லை. 'பொய்யர்' என்ற சொல் விழுந்த கணமே வரவுசெலவுக் கணக்கு மறந்துபோய், யார் யோக்கியர் என்ற சண்டை தொடங்கிவிடும். முறைப்படி தனித் தீர்மானம் கொண்டுவந்தால் இதே குற்றச்சாட்டை வைக்க வழியும் உண்டு.

தடை வந்தால் சுற்றுவழியும் வரும். 1906-இல் தென்னாப்பிரிக்கச் சீனத் தொழிலாளர் பற்றிய விவாதத்தில் சர்ச்சில் சொன்ன 'டெர்மினாலஜிக்கல் இன்எக்ஸாக்டிட்யூட்' (சொல்லாட்சியில் துல்லியமின்மை) அப்படித்தான் பிழைத்தது. அவர் பேசியது, அந்த ஒப்பந்தத்தை அடிமைமுறை என்பது சரியான சொல்லாகுமா என்பதைப் பற்றி. பின்னால் வந்தவர்கள் அதைப் பொய்க்கு நாசூக்கான பெயராக்கிக்கொண்டார்கள். நாசூக்கு அவைக்கு வெளியேயும் பரவியிருந்தது. 1986-இல், முன்னாள் உளவு அதிகாரி ஒருவரின் 'ஸ்பைகேட்சர்' நூலைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு தொடுத்த வழக்கில், சிட்னி நீதிமன்றக் கூண்டில் நின்ற அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், தன் கடிதத்தில் இருந்தது பொய்யல்ல, உண்மையைச் சிக்கனமாகக் கையாண்டது என்றார். குறுக்கு விசாரணை செய்தவர், பிற்காலத்தில் ஆஸ்திரேலியப் பிரதமரான மால்கம் டர்ன்புல். வழக்கில் பிரிட்டிஷ் அரசு தோற்றது. அந்தச் சொற்றொடர் மட்டும் ஜெயித்தது.

நாசூக்கை ரசிக்கலாம். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2021 ஜூலையில் பிரதமர் போரிஸ் ஜான்சன் பொய் சொன்னார் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் டான் பட்லர் வெளியேற்றப்பட்டார். 2022 ஜனவரியில் ஊரடங்குக் கால விருந்துகள் பற்றிய விவாதத்தில் இன்னோர் எதிர்க்கட்சி உறுப்பினரான இயன் பிளாக்ஃபோர்டுக்குச் சபாநாயகர் லிண்ட்சே ஹாய்ல் ஒரு தப்பிக்கும் வழி காட்டினார்: பிரதமர் அவையைத் தவறாக வழிநடத்தியது 'அறியாமல்' என்று சேர்த்துக்கொண்டால் போதும். பிளாக்ஃபோர்டு மசியாமல் நடையைக் கட்டினார். நம்பாத ஒன்றைச் சொன்னால் இருக்கலாம், நம்புவதைச் சொன்னால் போகலாம். பொய்யைத் தடுக்க வந்த விதி அல்ல இது. மரியாதைக்காக ஒரு சிறிய பொய்யைக் கேட்கிற விதி.

அறிந்தே தவறான தகவல் தரும் அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று அமைச்சர்களுக்கான நெறிமுறை சொல்கிறது. அதற்குக் காவலர் பிரதமரே. அவர் மீதே புகார் என்றால்? அவையின் உரிமைக் குழுவிடம் இந்த விருந்து விவகாரம் போனது 2022 ஏப்ரலில். ஜான்சன் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று குழு அறிக்கை தந்தது 2023 ஜூனில். அவை அதை 354-க்கு 7 என்ற வாக்கில் ஏற்றது.

இருந்தாலும் தடையை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். எடுத்தால் தினமும் அந்த ஒரு சொல்தான் கேட்கும். அதற்குப் பதிலாக, ஆவணத்தோடு தவறு சுட்டப்பட்டால், இத்தனை நாளுக்குள் அவையில் எழுந்து திருத்தியாக வேண்டும் என்ற கெடு வேண்டும். அது தவறினால், 'பொய்' என்று சொன்ன உறுப்பினரை வெளியே அனுப்பும் அதிகாரம் சபாநாயகருக்கு இருக்கக் கூடாது.