இன்ஜீல், சுவிசேஷம், நற்செய்தி

ஈசா நபிக்கு இறங்கிய வேதத்தை ஒலுவிலில் நாங்கள் ‘இன்ஜீல்’ என்போம். கல்முனைக்குப் போனால் மெதடிஸ்தர் ‘சுவிசேஷம்’ என்பார்கள், கத்தோலிக்கர் ‘நற்செய்தி’ என்பார்கள். அதைப் பற்றிய நம்பிக்கையில் நாங்கள் வேறுபடுகிறோம். ஆனால் மூன்று பெயருக்கும் பின்னால் இருப்பது ‘எவாங்கெலியொன்’ என்ற ஒரே கிரேக்கச் சொல். இன்ஜீல் அதன் ஒலியைச் சுமந்து வந்தது; மற்ற இரண்டும் பொருளைச் சுமந்தன. வேதச் சொல்லை ஒலியாகவே வைத்துக்கொள்வதா, பொருளாக மாற்றுவதா? தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் பிறந்ததே இந்தக் கேள்வியோடுதான்.

1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்லா’வில் தமிழ் எழுத்தே கிடையாது. செபங்களின் தமிழை ரோம எழுத்தில் எழுதி, போர்த்துக்கேயப் பொருளையும் சேர்த்திருந்தார்கள். கடல் கடந்து வரும் பாதிரிமார் வாய்விட்டுப் படிக்க அது உதவியது. ஆனால் ன, ண, ந மூன்றும் ஒரே எழுத்துக்குள் அடைபட்டன. முத்துக்குளித்துறைப் பரதவரின் கையில் கொடுத்தால், அது தங்கள் பேச்சுத்தான் என்று அவர்களுக்கே விளங்காது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழைக் கையாண்ட எங்கள் முன்னோர் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருந்தார்கள். அரபியில் இல்லாத ப, ட, ண ஒலிகளுக்குக் குறி சேர்த்துத் தனி எழுத்தே உண்டாக்கினார்கள். இரவல் எழுத்தானாலும் தமிழ்க் காதுக்குக் கட்டுப்பட்ட எழுத்து அது.

1578 ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வந்தது. பதினாறே பக்கம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. பழகாத கண்ணுக்கு இன்று தடுமாற்றமாகவே இருக்கும். இருந்தும் அந்தத் தலைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். கடற்கரைச் சனம் ஏற்கெனவே வாயில் வைத்திருந்த ‘தம்பிரான்’ என்ற சொல்லை எடுத்து இறைவனுக்குச் சூட்ட ஒரு துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு எல்லாச் சொல்லுக்கும் வரவில்லை. பரிசுத்த ஆவி, ‘ஸ்பிரீத்து சாந்து’ என்று போர்த்துக்கேயமாகவே நின்றது. இதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆவி என்றதும் நம் ஊர்களில் பேய்க்கதை நினைவுக்கு வரும். உள்ளூர்ச் சொல் தன் பழைய பொருளையும் கூடவே இழுத்து வரும். குறை என்னவென்றால், பொருள் தெரியாமல் மனனம் செய்தவர் பாதிரியாரை விட்டால் வேறு வழியின்றி நின்றார். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வி பதிலாக அமைந்தது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற ரொபேர்த்தோ தெ நொபிலி போர்த்துக்கேயச் சொற்களை அகற்றி வடமொழிச் சொற்களை வைத்தார். மதுரையின் கற்றோரிடம் அது மரியாதை தேடித் தந்தது. வலை இழுப்பவருக்கோ ஓர் அந்நியம் போய் இன்னோர் அந்நியம் வந்தது. இதை வளர்ச்சி என்று எழுதும் வரலாறுகளோடு எனக்கு உடன்பாடில்லை.

தொடக்கக் கிறிஸ்தவ நூல்களிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. மாற்கு கிரேக்கத்தில் எழுதியவர். இறந்த சிறுமியை இயேசு எழுப்பும் இடத்தில் ‘தலித்தா கூமி’ என்ற அரமேயச் சொற்களை அப்படியே வைத்தார். அருகிலேயே பொருளும் சொன்னார். ஒலி தன் வீட்டு வாசனையோடு நின்றது. வாசகனும் வெளியே நிற்கவில்லை.

ஒலி நிலைத்தால் உறவும் தெரியும். ‘சிலுவை’ சுரியானி மொழியிலிருந்து வந்த சொல். அரபியில் ‘ஸலீப்’. ஓதப் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரு வேர் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்.

என் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, அரபுத்தமிழ் தெரியும். மஃரிபுக்குப் பிறகு கிதாபை விரிப்பா. ஒரு வரி அரபு, கீழே அதே எழுத்தில் தமிழ். விரல் மேல்வரியில் மெல்ல ஊர்ந்து, கீழ்வரிக்கு வந்ததும் வேகமெடுக்கும்.