பனி பூசிய தேவதாரு

எங்கள் ஆழ்வார்பேட்டைத் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதை எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறேன். கேபிள் ஒயர், டிரான்ஸ்ஃபார்மர், யாரோ மாட்டிய டு-லெட் போர்டு என்று ஏதாவது ஒன்று கூடவே வந்துவிடும். மரம், மரம் மட்டும், ஒரு படத்திலும் விழுந்ததில்லை. அது எனக்குக் கிடைத்தது உத்தரகாண்டில், ஒரு ஜனவரியில்!

கேதார்காந்தா மலை. டேராடூனிலிருந்து மோரி வழியாக சாங்க்ரிக்கு ஒரு பகல் முழுக்க ஜீப். மறுநாள் காலை நடை தொடங்கியது. முதலில் பழுப்பும் பச்சையும்தான். ஒரு வளைவில் திரும்பினேன், காடே வெள்ளை! நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. ஊட்டி தலைகுந்தாவின் உறைபனியும் பார்த்திருக்கிறேன். புல்லில் படிந்து, வெயில் ஏறியதும் போய்விடும். இதுவோ முழங்கால் ஆழம்.

என்ன அழகு அது! தேவதாருவின் கிளைகள் தட்டுத் தட்டாக நீள்பவை. ஒவ்வொரு தட்டிலும் பனி குவிந்திருந்தது. இலை உதிர்த்த மேப்பிளில் சுள்ளிக்கொரு வெள்ளை இழை, மயிலாப்பூர் மாமிகள் இழுத்த கோலம் போல. பின்னால் மூடுபனி மற்றதையெல்லாம் துடைத்துவிட, ஒற்றை மரம் தன் முழு உருவத்தோடு எதிரே நின்றது.

கேமராவின் மீட்டர் பனியையும் நடுச்சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதன் போக்கில் விட்டால் பனி, நீலம் போடாத பழைய வேட்டி மாதிரி விழுகிறது. எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் ஏற்றினேன். அப்படியே பளீரென்று வந்தது! குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மாற்று பேட்டரிகளை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கதகதப்பான இடத்துக்குள் நுழையுமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும்.

வழியில் ஜூடா கா தாலாப் ஏரி உறைந்து கிடந்தது. சிவன் சடையை அவிழ்த்தபோது சொட்டிய நீராம். கபாலி கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கரையில் நிற்கும்போதுதான், ஒரு கிளை பாரம் தாங்காமல் பனியைப் பொத்தென்று உதறிவிட்டுச் சட்டென நிமிர்ந்தது. பனித்தூள் வெயிலில் பொன்னாகப் பறந்தது. சரியாக அந்த நொடியில் விரல் அழுத்தியிருந்தேன். என் வாழ்நாள் படம் அதுதான்.

உச்சி 12,500 அடி. ஸ்வர்க்காரோகிணி சிகரம் கண்முன்னே நின்றது, பிரமாதம்தான். ஆனாலும் அங்கே மரம் இல்லை. என் மனசு கீழே காட்டிலேயே தங்கிவிட்டது.

போகிறவர்கள் உச்சிக்காக ஓடாதீர்கள். ஏரிக்கரையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். காலை முதல் வெயில் மரங்களில் விழும்போது கேமராவோடு வெளியே நில்லுங்கள்.